ஆள் வராமல் முத்திரை இல்லை

"யக்கா, இங்க நோட்டரி எங்க இருக்காரு?" என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது என்னைக் கேட்பார்கள். செஞ்சி கோர்ட்டுக்கு எதிரே இருபத்திரண்டு வருஷமாக டைப் அடிக்கிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே பாதித் தொண்டை போய்விட்டது. நடுவில் சில வருஷம் ஊரில் நோட்டரியே கிடையாது. "திண்டிவனம் பஸ் ஏறு, இல்லாட்டி விழுப்புரம் போ" என்பேன். ஒரு முத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறுகிறவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். திட்டுகூட என்னைத்தான் திட்டுவார்கள்.

இப்போது அந்தத் தொல்லை இல்லை. எனக்குப் பின்னால் இருக்கிற மேசையைக் காட்டி, "இருக்காரு இல்ல, இருக்காங்க. உக்காருங்க" என்கிறேன். மேசைக்குப் பின்னால் மீனம்பாள் இருப்பாள். வக்கீல், நோட்டரி. அந்த நாற்காலி அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. எப்படி வந்தது என்று சொல்கிறேன். நடுநடுவே எனக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும்.

நோட்டரி என்றால் இன்னா என்று கேட்கிறவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டா மாற்றமோ, பேங்க் லோனோ, பள்ளிக்கூடச் சான்றிதழில் பெயர்த் திருத்தமோ, எதற்குப் போனாலும் ஒரு பிரமாணப் பத்திரம் கேட்பார்கள். "இதில் சொன்னதெல்லாம் உண்மை" என்று நீங்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். "ஆமாம், இவர் என் முன்னிலையில் ஆஜராகித்தான் போட்டார்" என்று நோட்டரி எழுதி முத்திரை குத்த வேண்டும். ஆளைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்வதுதான் அந்த வேலையே.

எங்கள் ஊரில் அது எப்படி நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். முன்பிருந்த நோட்டரி இப்போது உயிரோடு இல்லை, பெயர் வேண்டாம். என் கடையில் ஆணியில் ஒரு மஞ்சப்பை தொங்கும். காலையிலிருந்து அடித்த பத்திரங்களை எல்லாம் அதில் போட்டு வைப்பேன். மதியம் மூன்று மணிக்கு அந்தப் பை அவர் வீட்டுக்குப் போகும், அரை மணியில் எல்லாவற்றிலும் முத்திரையோடு திரும்பி வரும். பையில் காகிதம் போகும், ஆள் போகாது. யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை. நானும் நினைக்கவில்லை. ஜனங்களுக்கு அலைச்சல் மிச்சம் என்றுகூடப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மீனம்பாளின் அப்பா தங்கராசு அந்தப் பையில் மாட்டிக்கொண்டவர்.

அவர் கட்டட வேலைக்காரர். மேல்சித்தாமூர் போகிற வழியில் ஒரு கிராமம், அதன் காலனியில் வீடு. அரசாங்கம் கொடுத்த இரண்டரை சென்ட் மனையில் தானே கல் அறுத்து, தானே சுவர் எழுப்பிய வீடு. அதன் பின்பக்கச் சுவரை ஒட்டித் தாண்டவராயனின் நெல் மில். தாண்டவராயன் அந்த ஊரில் இரண்டு முறை பிரசிடெண்டாக இருந்தவர். பதவி போய்ப் பல வருஷம் ஆகியும் எல்லோருக்கும் அவர் பிரசிடெண்டுதான். மில்லுக்கு லாரி திரும்ப இடம் பத்தவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

2007-இல் ஒரு நாள், தங்கராசு பெங்களூரில் கட்டட வேலை முடிந்து ஊர் திரும்பி வந்தால், வீட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டி அளந்துகொண்டிருக்கிறார்கள். "நீதானய்யா எழுதிக் குடுத்த" என்று ஒரு பத்திரத்தைக் காட்டினார்கள். மேற்படி மனையில் தனக்கு எந்தப் பாத்தியமும் வேண்டாம், ஆட்சேபணை ஏதும் இல்லை என்று தங்கராசு சொன்னதாக அதில் இருந்தது. என் முன்னிலையில் ஆஜராகி, வாசித்துக் காட்டக் கேட்டு, இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தார் என்று நோட்டரி எழுதி முத்திரையும் குத்தியிருந்தார்.

இதில்தான் அவர்கள் கோட்டை விட்டார்கள். காலனிக்காரன், கூலிக்காரன், கைநாட்டுதான் வைப்பான் என்று அவர்களாகவே முடிவு பண்ணிக்கொண்டார்கள். தங்கராசுவுக்குக் கையெழுத்துப் போட வரும். தொண்ணூறுகளில் அறிவொளி வகுப்பு நடந்தபோது சாயங்காலம் சாயங்காலம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர். அதற்குப் பிறகு அவர் எங்கேயும் விரலில் மை தொட்டதே கிடையாது. ரேஷன் கடையில் மைப்பெட்டியை நீட்டினால்கூட, "பேனா இல்லியா?" என்று கேட்டு வாங்கி, வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுக்க முணுமுணுக்க, கெ. தங்கராசு என்று ஒவ்வொரு எழுத்தாகப் போடுவாராம். அந்த மனுஷனின் பெயரில் யாருடைய விரலோ!

அப்போது மீனம்பாள் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை எழுதிவிட்டு வருவதற்குள் பின்பக்கச் சுவர் போய்விட்டது. டீச்சர் டிரெயினிங் போவதாக இருந்தவள் செங்கல்பட்டுக்குச் சட்டம் படிக்கப் போனாள். 2014-இல் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு செஞ்சிக்கே வந்தாள். சென்னையில் இருந்தால் நாலு காசு பார்க்கலாமே என்று நான் கேட்டதற்கு, "எதிரி இங்கதான இருக்காரு?" என்று சிரித்தாள்.

மனை வழக்கு இழுத்தது, இழுத்தது, இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் பெங்களூர் மேஸ்திரியைத் தேடிப் பிடித்து, அவர் வீட்டுப் பரணில் கிடந்த கூலியாட்கள் வருகை நோட்டைக் கொண்டுவந்தாள். பத்திரம் எழுதிய அதே தேதியில் தங்கராசு அங்கே வேலைக்கு வந்திருந்தார். பெயருக்கு நேரே கையெழுத்து. கெ. தங்கராசு, ஒவ்வொரு எழுத்தாக. 2019-இல் மனை திரும்பி வந்தது. அதைப் பார்க்கத் தங்கராசு இல்லை, இரண்டு வருஷம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பத்திரத்தில் யார் விரல் இருந்தது என்பது இன்று வரை தெரியாது. தாண்டவராயன், "நம்ம பசங்க எவனோ அவசரத்துல பண்ணிட்டான்" என்று சொல்லிவிட்டு மில்லுக்குப் போய்விட்டார். எனக்கு இதை எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

பழைய நோட்டரி காலமான பிறகு, அந்த இடத்துக்குத் தானே விண்ணப்பம் போடப் போவதாக மீனம்பாள் 2022-இல் சொன்னாள். பெண்ணாக இருந்தால் ஏழு வருஷம் வக்கீல் தொழில் பார்த்திருந்தால் போதும். அவளுக்கு எட்டு வருஷம். சென்னையில் சட்டத் துறைக்குப் போக வேண்டிய விண்ணப்பம். அதில் ஒரு கண்டிஷன் இருந்தது. விண்ணப்பத்தின் அடியில் ஐந்து பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மாஜிஸ்திரேட், அரசு வங்கி மேனேஜர் ஒருவர், வணிகர் ஒருவர், பிறகு அந்தப் பகுதியின் பிரமுகர்கள் இரண்டு பேர்.

மாஜிஸ்திரேட் கையெழுத்து ஒரே நாளில் கிடைத்தது. வங்கி மேனேஜர் வடக்கத்திக்காரர், அவருக்குப் பிரசிடெண்டும் தெரியாது, மில்லும் தெரியாது. அடையாள அட்டையைப் பார்த்தார், போட்டார். ஊர்க்காரர்கள் கையெழுத்துக்கு வந்ததும்தான் வண்டி நின்றது.

பிரமுகர்கள் என்று ஊரில் யார் யாரைச் சொல்வார்களோ அவர்கள் வீட்டுக்கெல்லாம் அவள் போனாள். கல்யாண மண்டபம் வைத்திருக்கிறவர், "பொண்ணு கல்யாணம் முடியட்டும்மா" என்றார். அந்தப் பெண் ஆறாவது படிக்கிறது. ரிடையர் ஆன தலைமை ஆசிரியர் ஒருவர், தன் மாணவி வக்கீலாகி வந்திருக்கிறாள் என்று காபி கொடுத்து, கண் கலங்கி, விண்ணப்பத்தை முழுவதும் படித்து, ஒரு எழுத்துப் பிழையையும் திருத்திவிட்டு, "எனக்குக் கை நடுங்குதும்மா" என்று திருப்பிக் கொடுத்தார். நடுங்குகிற கையால் பிழையை மட்டும் எப்படித் திருத்தினார் என்று நான் அவரை நேரில் பார்த்தால் கேட்கலாம் என்றிருக்கிறேன். உரக்கடைக்காரர் உண்மையைச் சொன்னார், அதற்காக அவரை மெச்சலாம். "பிரசிடெண்டு கோச்சுக்குவாரு" என்றார்.

அப்புறம் என் கடைக்கு வந்தாள்.

"யக்கா, ஒரு கையெழுத்து வேணும். வணிகர்னு போட்டு."

"பஜார்ல எவ்ளோ பெரிய கடையெல்லாம் இருக்குது. டைப் அடிக்கிறவ, ஜெராக்ஸ் எடுக்கிறவ, என்னப் போயி வணிகருன்ற?"

"கடை வச்சிருக்கீங்க. போர்டு இருக்குது. லைசென்ஸ் இருக்குது. வணிகர்தான்."

"இது யாரு கட்டடம்னு தெரியுமில்ல?"

"தெரியும்" என்றாள். என் கடை இருந்த கட்டடமும் தாண்டவராயனுடையதுதான்.

நான் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் வாதாடவில்லை. ஃபைலிலிருந்து ஒரு ஜெராக்ஸ் காகிதத்தை எடுத்து என் விசைப்பலகை மேல் வைத்தாள். 2007-ஆம் வருஷத்துப் பத்திரம். பெருவிரல் ரேகை, முத்திரை எல்லாம் இருந்தது. எனக்கு ஏற்கெனவே தெரிந்த கதைதானே என்று நகர்த்தப் போனேன். அவள் விரல் காகிதத்தின் அடியில் இடது மூலையில் இருந்தது. அங்கே பொடி எழுத்தில், "தட்டச்சு: ஜெயசுதா, செஞ்சி" என்று இருந்தது.

என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். எத்தனையோ ஆயிரம் பத்திரம் அடித்திருக்கிறேன். எதுவும் ஞாபகம் இருக்காது, இதுவும் இல்லை. யாரோ ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்திருப்பான், அடித்திருப்பேன், மஞ்சப்பையில் போட்டிருப்பேன். ஆஜராகி என்று அடித்தேனே, அந்த ஆள் எங்கே என்று ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டேன்.

"இது உனக்கு எப்பத்திலேந்து தெரியும்?"

"பிளஸ் டூ படிக்கறப்பவே."

எட்டு வருஷம் என் கடையில்தான் டைப் அடிக்கக் கொடுத்தாள், என் டம்ளரில்தான் டீ குடித்தாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒன்றை இங்கே ஒத்துக்கொள்கிறேன். நான் ஊரில் பிறந்தவள், அவள் காலனியில் பிறந்தவள். அவள் கோட்டு போட்ட வக்கீல், நான் டைப்பிஸ்ட். ஆனால் நான் அவளை நீ என்பேன், அவள் என்னை நீங்க என்பாள். வயசு வித்தியாசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அது வயசு மட்டும் இல்லை என்று வெட்கமாக இருந்தது.

"உங்க மேல கோவம் இல்லக்கா. எழுதிக் குடுத்தத அடிச்சீங்க. அப்ப உங்க பேரு எங்க நைனாவோட பத்திரத்துல இருந்துச்சு. இப்ப என்னோடதுல இருக்கட்டும்."

பேனாவை வாங்கிப் போட்டேன். ஜெயசுதா, வணிகர், செஞ்சி. அழுத்திப் போட்டதில் காகிதம் கொஞ்சம் கிழிந்தது.

இன்னும் பிரமுகர்கள் இரண்டு பேர் பாக்கி. "இனிமே எவன் வாசலுக்கும் நீ போவக் கூடாது" என்று நான் கத்தினேன். அவள் சட்டப் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்தாள். "பிரமுகர்னா யாருன்னு இதுல எங்கயும் எழுதலக்கா. நெலம் இருக்கணும்னு இல்ல, மில்லு இருக்கணும்னு இல்ல. இந்தப் பக்கத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச ஆளா இருக்கணும், அவ்ளோதான். இத்தினி நாளா நான்தான் தப்பான வீட்டுக்குப் போயிட்டு இருந்திருக்கேன்."

அன்று சாயங்காலமே இரண்டு கையெழுத்தும் வந்துவிட்டன. ஒன்று சுந்தராம்பாள் அம்மா. சுகாதார நிலையத்தில் கிராம நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம், சீயமங்கலத்திலிருந்து தொண்டூர் வரை சுற்றி இருக்கிற ஊர்களில் அவர் ஊசி போடாத தொடை கிடையாது. தாண்டவராயனின் பிள்ளைகளுக்கும் அவர்தான் போட்டார். இன்னொன்று மைக்செட் பாவாடை. ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு, தண்ணீர் வராது என்றாலும், கண் சிகிச்சை முகாம் என்றாலும், யார் வீட்டில் சாவு என்றாலும் ஊருக்குச் சொல்கிறவர். அவர் குரல் கேட்டால் குழாயடிச் சண்டைகூட ஒரு நிமிஷம் நிற்கும். விஷயத்தைச் சொன்னதும் பாவாடை வண்டியை ஓரங்கட்டினார்.

"என்ன பிரமுகர்னு போடப் போறியா? எங்கம்மா இருந்தா கேட்டுட்டுச் சிரிக்கும். எங்க போடணும், சொல்லு."

விண்ணப்பம் போனது. பதினைந்து நாளில் எனக்குக் கட்டடத்தைக் காலி பண்ணச் சொல்லி ஆள் வந்தது. எதிர்பார்த்ததுதான். என் வீட்டுக்காரர் வீரமணி, "இதெல்லாம் உனக்குத் தேவையா?" என்று இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார். மூன்றாம் நாள் அவரேதான் ஜெராக்ஸ் மிஷினைத் தோளில் சுமந்துகொண்டு வந்து மீனம்பாளின் ஆபீஸ் முன்னறையில் இறக்கினார். பத்தடிக்கு எட்டடி அறை. அவள் மேசை பின்னால், என் மேசை முன்னால்.

விண்ணப்பத்தின் மேல் யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று அறிவிப்பு வந்தது. சொல்லாமல் இருப்பார்களா? தாண்டவராயன் மூன்று பக்கத்துக்கு எழுதிப் போட்டார். விண்ணப்பதாரர் அனுபவம் இல்லாதவர், வழக்குப் போடுவதையே பிழைப்பாகக் கொண்டவர், இவருக்குக் கையெழுத்திட்ட இருவரும் பிரமுகர்களே அல்லர் என்று போனது அந்த மனு. அதன் நகல் மீனம்பாளுக்கு வந்தபோது நான் வரிக்கு வரி திட்டினேன். அவள் மூன்றாவது பத்தியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு அந்தப் பத்திக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு போட்டு மடித்து வைத்தாள்.

சென்னையில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். விடியற்காலை பஸ், கையில் புளிசாதம். ஆபீஸ் வராந்தாவில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. இந்த மனு ஒன்றால் எட்டு வருஷ உழைப்பும் போய்விடுமோ? ஊரில் இல்லாத சாமி எல்லாம் கும்பிட்டேன். உள்ளே நடந்ததைத் திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் சொன்னாள்.

மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் மனுவைப் புரட்டிவிட்டு, "ஒருத்தர் மைக்செட்டு வாடகைக்கு விடறவரு, ஒருத்தர் ரிடையர் ஆன நர்ஸு. இவங்களா பிரமுகர்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

"ஐயா, ஆட்சேபணை மனுவுல மூணாவது பத்திய ஒரு தடவ சத்தமாப் படிக்கிறீங்களா?"

அவர் படித்திருக்கிறார். மேற்படி பாவாடை என்பவர் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர் என்பதும், மேற்படி சுந்தராம்பாள் என்பவர் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர் என்பதும் செஞ்சி வட்டாரத்தில் சிறு குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

"சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியும்னு எதிர்ப்பு மனு போட்டவரே எழுதிக் குடுத்திருக்காரு. இதுக்கு மேல நான் யாரைக் கூட்டிட்டு வர்றது?" என்று மீனம்பாள் கேட்டாளாம்.

ஓரத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை. இன்னொரு பக்கம் இருந்த பெண் அதிகாரி மட்டும், "நோட்டரி ஆவணும்னு ஏம்மா இவ்வளவு பிடிவாதம்? இதுல பெருசா வருமானம் கூட இல்லையே" என்று கேட்டிருக்கிறார்.

"எங்க நைனாவ ஒரு தடவ கூடப் பாக்காம, என் முன்னிலையில் ஆஜராகின்னு ஒருத்தர் எழுதினாரும்மா. அந்த வார்த்தைய எங்க ஊர்ல ஒரு தடவையாவது யாராவது உண்மையா எழுதணும்."

போகலாம் என்று தலையை மட்டும் அசைத்திருக்கிறார்கள். "போச்சுக்கா. அதிகமாப் பேசிட்டேன் போலருக்குது" என்று பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "அதிகமாப் பேசினா பேசினதுதான், போ. சாப்டியா நீ?" என்று புளிசாதத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தேன். திண்டிவனம் தாண்டித்தான் சாப்பிட்டாள்.

ஐந்து மாசம் கழித்து ஆர்டர் வந்தது. வட்டமான முத்திரை ஒன்று செய்து வாங்கினாள். நடுவில் அரசாங்கச் சின்னம், சுற்றிலும் அவள் பெயர். பாவாடை ஊர் முழுக்க மைக்கில் சொல்லிவிட்டு வருகிறேன், மில் வாசலில் மட்டும் மூன்று தடவை சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டார். வக்கீல் தொழிலில் விளம்பரம் பண்ணக் கூடாது, லைசென்ஸுக்கே வேட்டு வந்துவிடும் என்று அவரைப் பிடித்து நிறுத்தப் பெரும்பாடு ஆகிவிட்டது. எனக்கும் வருத்தம்தான்.

முதல் நாளே எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை. மதியம் மூன்று மணிக்குப் பழக்கதோஷத்தில், பதினோரு பத்திரத்தை மஞ்சப்பையில் போட்டு அவள் மேசையில் வைத்துவிட்டேன். அவள் பையைத் திறக்கவே இல்லை.

"ஆளுங்க எங்கக்கா?"

"ஆளுங்களுக்கு வேலை வெட்டி இல்லியா? நாளைக்குக் காலைல வந்து வாங்கிக்கறேன்னு போயிட்டாங்க. எல்லாம் எனக்குத் தெரிஞ்ச ஜனந்தான்."

"நாளைக்கு வந்தா நாளைக்குக் குத்தறேன்."

"ஏன்டி, உனக்காகக் கடைய விட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன்! பதினோரு முத்திரை குத்த மாட்டியா?"

"குத்த மாட்டேன். இதுக்காகத்தான கடைய விட்டீங்க?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பையைப் பிடுங்கிக்கொண்டு போய் பதினோரு பேருக்கும் போன் போட்டேன். எல்லோரும் என்னைத்தான் திட்டினார்கள். மறுநாள் எட்டுப் பேர் வந்தார்கள். மூன்று பேர் வரவே இல்லை. அந்த மூன்றில் ஒன்று, வெளிநாட்டில் இருக்கிற தங்கையின் பெயரில் அண்ணன் போட்டது என்று பிறகு தெரிந்தது. அதை அடித்ததும் நான்தான். அன்றோடு அந்த மஞ்சப்பையைக் காய்கறி வாங்கக் கொண்டுபோய்விட்டேன்.

வந்த எட்டுப் பேரையும் அவள் ஒரே மாதிரிதான் நடத்தினாள். உட்காரச் சொல்வாள். அடையாள அட்டை பார்ப்பாள். பத்திரத்தை முழுவதும் சத்தமாகப் படித்துக் காட்டுவாள், படித்தவர்களுக்கும் சேர்த்து. ரிஜிஸ்தரைத் திருப்பி வைப்பாள். ஒரு பக்கம் பேனா, ஒரு பக்கம் மைப்பெட்டி. "கையெழுத்துப் போட வருமா, கைரேகை வைக்கிறீங்களா?" என்று கேட்பாள். காலேஜ் வாத்தியார் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டு முகம் சிவந்து எழுந்தே போய்விட்டார். அடுத்த நாள் திரும்பி வந்தார். கேள்வி மாறவில்லை.

போன வைகாசியில் தாண்டவராயனின் டிரைவர் வந்தான். மில்லின் கரண்ட் கனெக்‌ஷனை மகன் பெயருக்கு மாற்ற ஒரு பிரமாணப் பத்திரம். "ஐயா குடுத்து அனுப்பினாரு. குத்திக் குடுப்பீங்களாம்" என்று நீட்டினான்.

"ஆளு வரணும்" என்றாள் மீனம்பாள்.

அடுத்த நாள் ஒரு பெரிய வக்கீல் போன் பண்ணினார். அவருக்கும் அதே இரண்டு வார்த்தைதான். தாண்டவராயன் திண்டிவனம் போயிருக்கலாம். கார் இருக்கிறது, முக்கால் மணி நேரம். ஆனால் செஞ்சியில் தன் காகிதம் ஒன்று திரும்பி வந்துவிட்டது என்பதை அவரால் நம்ப முடியவில்லை. மூன்றாம் நாள் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. எழுபத்தைந்து வயசு, வெள்ளை வேட்டி, முழங்கால் வலி. இரண்டு படி ஏறி வந்து என்னைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காமல் இருப்பதற்கு நான் மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, அது வேறு விஷயம். எனக்கு முன்னால் ஒரு கிழவியும் ஒரு கல்லூரிப் பெண்ணும் காத்திருந்தார்கள். "அவங்களுக்கு அப்புறம் நீங்க" என்றேன். என் வாழ்க்கையிலேயே நான் ருசித்துச் சொன்ன வார்த்தை அதுதான்.

இருபது நிமிஷம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் முறை வந்ததும் மீனம்பாள், "வாங்கய்யா, உக்காருங்க" என்றாள். அடையாள அட்டை கேட்டாள், பார்த்தாள். பத்திரத்தை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினாள். அவர் தலையை ஆட்டினார். ரிஜிஸ்தரை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். பேனா ஒரு பக்கம், மைப்பெட்டி ஒரு பக்கம்.

"ஐயா, உங்களுக்குக் கையெழுத்துப் போட வருமா, கைரேகை வைக்கிறீங்களா?"

நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன். அவர் மைப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குரலில் கேலி இல்லை, கோபம் இல்லை. கிழவியிடம் கேட்ட அதே குரல்தான். அவர் பேனாவை எடுத்தார். விரல்கள் சரியாக மடங்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகப் போட்டு முடித்தார். அவள் கீழே எழுதினாள். என் முன்னிலையில் ஆஜராகி, வாசித்துக் காட்டக் கேட்டு, கையெழுத்திட்டார். முத்திரையை வைத்து அழுத்தினாள்.

பத்திரத்தை வாங்கிக்கொண்டு படி வரை போனவர் திரும்பினார்.

"எல்லாரையும் இப்டித்தான் கேப்பியா?"

"எல்லாரையும் கேப்பேன்ங்கய்யா" என்றாள் மீனம்பாள். "எங்க நைனாவத்தான் யாரும் கேக்கல."

அவர் படி இறங்கினார். அவள் ரிஜிஸ்தரில் அடுத்த வரியில் எண் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"யக்கா, அடுத்தது யாரு? வரச் சொல்லுங்க."